அப்பான்ர பென்ஷன்: டிஏடியும் ஓட்டியும் ஏன் கணக்கில இல்லை?

இணுவில் பிள்ளை:
அப்பா அரச ஆஸ்பத்திரியில கொன்சல்டன்ட் (விசேட வைத்தியர்), வாற வருஷம் 63 முடிஞ்சு பென்ஷனில வாறார். நேற்று சம்பளச் சீட்டை வச்சுக் கூட்டிப் பாத்தம், கையில வாற காசில பாதிக்கு மேல டிஏடியும் (டொக்டர்மாருக்கு எந்த நேரமும் கூப்பிட்டா வாறதுக்கும் போக்குவரத்துக்கும் குடுக்கிற கொடுப்பனவு) ஓட்டியும்தான் (ஓவர்டைம் காசு), பென்ஷனுக்கு அந்த ரெண்டும் இல்லையாம். மனுசன் ஒண்டும் கதைக்காமல் சீட்டை மடிச்சு பொக்கற்றுக்க வச்சிட்டார். உண்மையாவே சேர்க்க மாட்டினமோ?

சுன்னாகம் ராசா:
ஓம் பிள்ளை, சேர்க்க மாட்டினம். நான் கனகாலம் சம்பளப் பகுதியில இருந்தனான். அடிப்படைச் சம்பளத்தையும் சேவைக்காலத்தையும் வச்சுத்தான் பென்ஷன் போடுறது. 2024 தையில டிஏடிய 35,000ல இருந்து 70,000 ஆக்கினவை, அதால பென்ஷன் ஒரு சதமும் கூடேல்லை. 2025 சித்திரையில இருந்து 2027 வரைக்கும் அடிப்படைச் சம்பளம் மூண்டு கட்டமாக் கூடுது, அப்பாக்கு உதவுறது அதுதான். எந்தக் கட்டத்துச் சம்பளத்தில போடுவினம் எண்டு அப்பான்ர ஃபைலைப் பாக்கிற சப்ஜெக்ட் கிளாக்கிட்ட எழுத்தில கேட்டு வையுங்கோ. பேர்சனல் ஃபைலில ஏதும் விடுபட்டிருந்தா வேலையில இருக்கேக்கயே சரிபண்ணோணும், பிறகு டிஎஸ் ஒபிசுக்கும் (பிரதேச செயலகம்) கொழும்புக்கும் அலைய ஏலாது.

மயக்கமருந்து டொக்டர்:
கொன்சல்டன்ட் எண்டா பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில சனல் பண்ணி (காசுக்கு நோயாளியளைப் பாத்து) உழைக்கினம் எண்டு சனம் நினைக்குது. சேர்ஜன்மாருக்குச் சரி. மயக்கமருந்து குடுக்கிற என்னட்டயும் சட்ட வைத்திய அதிகாரியிட்டயும் ஆர் வந்து சனல் பண்ணுறது? இரவு ரெண்டு மணிக்கு சிசேரியன் எண்டு கோல் வந்தா எழும்பி ஓடுறம், அந்த நித்திரை முழிப்புக்குத்தான் டிஏடியும் ஓட்டியும், வயசுபோன நேரம் அதுக்கு ஒரு சதமும் இல்லை எண்டா என்ன நியாயம்? 2023ல வருமான வரியும் 36 வீதம் வரைக்கும் ஏறினது, என்னோட எம்டி (விசேட வைத்தியர் மேற்படிப்பு) செய்தவையில கனபேர் லண்டன், அவுஸ்திரேலியா எண்டு போட்டினம், நான் அவையைக் குறை சொல்லமாட்டன். டிஏடியில ஒரு பங்கையாவது பென்ஷனுக்கு எடுக்கோணும், டொக்டர்மார் சங்கம் முதல்ல கேக்கவேண்டியது இதைத்தான்.

வேலணை அக்கா:
2020க்கு முதல் பென்ஷனில போன டொக்டர்மாரையும் நினையுங்கோ. அதே பதவி, அதே சேவை, பென்ஷன் மட்டும் குறைய. 2025 ஆடியில இருந்துதான் அதையும் மூண்டு கட்டமாத் திருத்துறாங்கள், முடிய 2027 ஆகும். எங்கட மாமாக்கு இப்பவே 75 தாண்டீட்டுது.

இணுவில் பிள்ளை:
நன்றி ராசா அண்ணை. ஃபைலைப் பாத்தா அப்பான்ர பழைய சேவைக் கடிதம் ஒண்டைக் காணேல்லை, 95 யாழ்ப்பாண இடப்பெயர்வோட போட்டுது. என்ன செய்யிறது?

சுன்னாகம் ராசா:
அந்தக் காலம் அவருக்குச் சம்பளம் போட்ட ஒபிசில பதிவைத் தேடித் தரச்சொல்லி இண்டைக்கே கடிதம் குடுங்கோ, கொப்பியில திகதியோட சீல் குத்தி வாங்குங்கோ.