ஸ்கிம்மர்: வழிப்பானா, ஏடெடுப்பானா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எண்ணெய்க் கசிவை அகற்றும் பணியாளர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஸ்கிம்மருக்கு மட்டும் சொல் அமையவில்லை. நீர்மேல் பரவிய எண்ணெயை மிதவைத் தடுப்பால் வளைத்து, தடிப்பாகத் திரட்டிய பிறகு, அதை நீரிலிருந்து எடுக்க இறக்கும் கருவி. திரட்டாமல் இறக்கினால் பயனில்லை. வானவில் நிறம் காட்டும் படலத்தின் தடிப்பு 5 மைக்ரானுக்குள்தான். "எண்ணெய் முகவை" என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

———

> எண்ணெய் முகவை

பொருந்தாது ஐயா. "ஆழ அமுக்கி முகக்கினும்" என்பது மூதுரை. நாழியை அமுக்கி அள்ளுவதுதான் முகத்தல். இந்தக் கருவியோ அமுங்கவே கூடாது. எண்ணெய் ஒரு விளிம்பைத் தாண்டி உள்ளே விழும் மடை வகையில் அந்த விளிம்பு, எண்ணெயும் நீரும் சந்திக்கும் மட்டத்தை ஒட்டி நிற்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தாலும் தொட்டி நிறையத் தண்ணீர்தான். அலை வந்தால் வேலை கெடுவது இதனால்தான். பாலில் ஏடெடுப்பதே சரியான ஒப்புமை. ஏடெடுப்பான் என்று வையுங்கள்.

———

ஏடு என்றதும் ஓலைதான் நினைவுக்கு வரும். கையேட்டுக்குள் இன்னோர் ஏடு குழப்பும். முதலில் "எண்ணெய்" என்பதையே திருத்த வேண்டும். எள் + நெய் = எண்ணெய். கடலில் கொட்டியது எள்ளிலிருந்து வந்ததா? கல் + நெய் = கன்னெய்; நல் + நூல் நன்னூல் ஆனதுபோல. ஆகவே கன்னெய் என்றே ஆள வேண்டும்.

———

புணர்ச்சி சரி; பயன்பாடு சரியில்லை ஐயா. கப்பலில் பாமாயிலும் போகிறது, அதுவும் கொட்டுகிறது. அதை எடுப்பதற்கும் இதே கருவிதான். தேங்காய் எண்ணெய் என்று சொல்லும் நாக்குக்கு எள் எப்போதோ மறந்துவிட்டது. எண்ணெய் இருக்கட்டும்.

கருவிக்கு வருகிறேன். "வழி" என்ற வினையைப் பாருங்கள். மடை வகையில் எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழிகிறது. உருளை, வட்டத்தட்டு வகைகளில் எண்ணெய் சுழலும் பரப்பில் ஒட்டி மேலேறுகிறது. அதை ஒரு தகடு வழிக்கிறது, ஆட்டுக்கல்லில் மாவை வழிப்பதுபோல. கயிற்று வகையில் பாலிப்ரொப்பிலீன் நார்க்கயிறு சுற்றி வர, இரண்டு உருளைகள் அதைப் பிழிகின்றன. தன்வினையும் பிறவினையும் ஒரே எழுத்தில் நிற்பதால் வழிப்பான் என்ற பெயருக்குள் பெரும்பாலான வகைகள் அடங்கும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதானா என்பதைத் தனியே பேசலாம்.

கையேட்டில் இவற்றையும் சேருங்கள். தட்டை வேகமாகச் சுழற்றினால் எண்ணெயோடு நீரும் ஏறும்; வேகத்தைக் குறைத்துத் தொடங்கி, தொட்டியில் விழுவதைப் பார்த்துக் கூட்ட வேண்டும். வழிக்கும் தகடு தேய்ந்தால் எண்ணெய் மறுபடி நீருக்கே திரும்பும். நாள்பட்ட எண்ணெய் நீரை வாங்கிப் பால்மம் எனும் குழம்பாகும். அதில் நீர் 70–80 விழுக்காடு வரை ஏறும், கொள்ளளவு மூன்று முதல் ஐந்து மடங்காகும், வழுவழுப்பான தட்டில் சரியாக ஏறாது. அப்போது பிரஷ் வகைதான் எடுக்கும். மையவிலக்கு பம்ப் இன்னும் கடைந்துவிடும், திருகு பம்ப் நல்லது. பம்பின் வாயில் வலை இல்லையென்றால் பாசியும் கட்டையும் அடைத்துக்கொள்ளும்.

———

உறிஞ்சு குழாய் வகையில் வழிதலும் இல்லை, வழித்தலும் இல்லை. அதைக்கூட விட்டுவிடலாம். காதால் கேட்டுப் பாருங்கள்: எண்ணெய் வழிப்பான், எண்ணெய் அழிப்பான். வயர்லெஸ்ஸில் இரண்டும் ஒன்றுதான். எண்ணெயைத் துளிகளாகச் சிதறடிக்கும் மருந்தைக் களத்தில் அழிப்பான் என்று சொல்லிவிட்டால்? மருந்து தெளித்த எண்ணெய் தட்டிலும் கயிற்றிலும் சரியாக ஒட்டாது. ஒரு சொல் பிசகினால் அந்த இடத்தில் கருவியே வீண். ஏடெடுப்பானில் இந்த ஆபத்து இல்லை.

———

அதற்குச் சிதறடிப்பி என்று முன் இயலிலேயே வைத்தாயிற்று. அழிப்பான் என்ற சொல் நூலில் எங்கும் வராது.

———

நூலில் வராது. வாயில் வரும்.

———

நாலு பேர் வழிப்பான், இருவர் ஏடெடுப்பான். நேரமில்லை, வழிப்பான் என்றே போடுகிறேன். வகைகள்: மடை வழிப்பான், தட்டு வழிப்பான், உருளை வழிப்பான், பிரஷ் வழிப்பான், கயிற்று வழிப்பான். உறிஞ்சு வகை உறிஞ்சு குழாயாகவே இருக்கும். ஒவ்வோர் இயலிலும் முதல் முறை "ஸ்கிம்மர் எனப்படும் வழிப்பான்" என்று வரும். வயர்லெஸ்ஸில் ஸ்கிம்மர் என்றே சொல்லும்படி பாதுகாப்பு இயலில் ஒரு வரி சேர்த்துவிட்டேன்.

———

அந்த வரி தேவைப்படுகிறது என்றால் சொல் இன்னும் அமையவில்லை என்றுதான் பொருள். என் மறுப்பு இருக்கட்டும். அடுத்த பதிப்புக்குள் மறுபடி பேசுவோம்.