கர்ப்பகாலச் சர்க்கரை: இன்சுலினா, மெட்ஃபார்மினா?

வணக்கம் தோழிகளே. என் தங்கைக்கு இது 28ஆவது வாரம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த சர்க்கரை 168. (140ஐத் தொட்டாலே கர்ப்பகாலச் சர்க்கரைதான்.) சோற்றைக் குறைத்து, மாலையில் நடந்தும் வெறும் வயிற்று அளவு 95க்குக் கீழே இறங்கவில்லை. இன்சுலின் ஊசியா, மெட்ஃபார்மின் மாத்திரையா என்று யோசித்து வரச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையிடம் போவதில்லை, மெட்ஃபார்மின் போகிறது. ஆனால் 2008இல் வெளியான ஆஸ்திரேலிய, நியூசிலாந்து ஆய்வில் இன்சுலின் போட்டவர்கள், மெட்ஃபார்மின் எடுத்தவர்கள் என்ற இரு பிரிவிலும் பிறந்த குழந்தைகளின் நிலை ஏறக்குறைய ஒன்றுதான். மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு இன்சுலினும் சேர்க்க வேண்டி வந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

அவளுக்கு ஊசி என்றால் பயம். மாமியாரோ மாத்திரை குழந்தைக்கு ஆகாது என்கிறார். இதற்கிடையில் அவள் சாப்பிடவே அஞ்சுகிறாள். அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் எவ்வளவு காலம் இருந்தன? பிறகு இன்சுலின் தேவைப்பட்டதா? இன்சுலின் போட்டவர்களே, வேலையிடத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்? சர்க்கரை திடீரென்று தாழ்ந்ததுண்டா? முடிவை மருத்துவரிடம் பேசித்தான் எடுப்போம். வியாழக்கிழமை போகிறோம், அதற்குள் எழுதுங்கள்.