சாம்பிராணிப் புகையும் என் மகனும்: வாசனை தொடர்பான உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

7 வயது மகனின் அம்மா, மதுரை:

வெள்ளிக்கிழமை தோறும் மாமியார் வீடு முழுக்கச் சாம்பிராணி போடுவார். தூபக்காலை எடுக்கும் சத்தம் கேட்டாலே என் மகன் குளியலறைக்கு ஓடிவிடுவான். அவனுக்கு ஆட்டிசம் (மூளை வளர்ச்சியில் உள்ள வேறுபாடு; இதனால் வாசனை, ஒலி போன்றவற்றைச் சிலர் மிகக் கூடுதலாகவோ குறைவாகவோ உணர்வார்கள்) என்று தெரிந்த பிறகும் இதைப் பிடிவாதம் என்றே நினைத்திருந்தோம். "சாமி காரியத்துக்கு மட்டும் ஏன் இப்படி ஓடுகிறான்?" என்று அத்தை கண் கலங்குவார்.

ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தேன். அவன் அழவில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலின் மூடியைக் கழற்றி, அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். தொண்டை அடைத்துவிட்டது எனக்கு. எங்களில் யாருக்கும் தோன்றாத மருந்தை அவனே தேடிக்கொண்டிருக்கிறான்.

அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தையும் கவனித்தேன். பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் தாளிக்கும்போது ஊட்டினால் வாயை மூடிக்கொள்வான். சன்னலைத் திறந்துவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் திண்ணையில் தட்டை வைத்தால் அதே பருப்புச் சோற்றை உண்கிறான். எத்தனை நாள் அவனை அதட்டியிருக்கிறேன்!

சிறப்பாசிரியை, திருச்சி:

அம்மா, உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். என்னிடம் படிக்கும் 13 வயதுச் சிறுமி யாரைப் பார்த்தாலும் முதலில் கையை எடுத்து முகர்வாள். புதியவர்கள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்வார்கள். ஆனால் அதுதான் அவள் வணக்கம் சொல்லும் முறை. ஒருமுறை நான் சோப்பை மாற்றினேன். என் முகத்தையும் குரலையும் நன்றாகத் தெரிந்தவள், அன்று காலை முழுதும் என் பக்கத்தில் உட்கார மறுத்துவிட்டாள். மறுநாளே பழைய சோப்புக்குத் திரும்பிவிட்டேன்.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, பொருள்களை அளவுக்கு மீறி முகர்வதையும் ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அதனால் அவள் கையை எடுக்கும்போது தட்டிவிடாதீர்கள் என்று பார்க்க வருபவர்களிடம் முன்பே சொல்லிவிடுகிறேன். வயது ஏறுகிறதே, தெருவில் இது வேறுவிதமாகப் பார்க்கப்படுமே என்ற கவலையும் எனக்கு உண்டு. "முகரலாமா?" என்று கேட்கும் படச்சீட்டு ஒன்றை இப்போது பழக்கிவருகிறோம்.

15 வயது மகனின் அப்பா, கோவை:

எங்கள் வீட்டில் நேர்மாறு. சென்ற மாதம் அலுவலகத்திலிருந்து வந்து வாசல் கதவைத் திறந்ததுமே கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. அடுப்பின் குமிழ் பாதி திறந்திருக்க, மகன் பக்கத்து அறையில் நிதானமாகப் படம் வரைந்துகொண்டிருந்தான். சமையல் எரிவாயுவுக்குத் தனக்கென்று வாசனை கிடையாது. கசிந்தால் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டனைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை அவனை எட்டவே இல்லை. இன்னும் நினைத்தால் கை நடுங்குகிறது.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் 36 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வைப் பற்றி அதற்குப் பின் படித்தேன். 2015இல் வெளியானது. நாற்றம் வந்தால் மற்றக் குழந்தைகள் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மூச்சிழுப்பைக் குறைத்துக்கொண்டார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளோ நறுமணத்தையும் நாற்றத்தையும் ஒரே அளவாக இழுத்தார்கள். என் மகனைப் பற்றி எழுதியது போலவே இருந்தது.

மூக்கை நம்பாமல் கண்ணை நம்பப் பழக்குகிறேன். ரெகுலேட்டரை மூடும் படம் சமையலறைச் சுவரில் இருக்கிறது. பால் பாக்கெட்டில் தேதியைப் படித்த பிறகே பிரிக்கிறான். வியர்வை வாடையும் அவனுக்குத் தெரிவதில்லை; மாலை 6 மணிக்குக் குளியல் என்று அட்டவணையில் எழுதிவிட்டோம்.

7 வயது மகனின் அம்மா, மதுரை:

படச்சீட்டு யோசனைக்கு நன்றி, டீச்சர். எங்கள் வீட்டில் சாம்பிராணி இப்போது அவன் அப்பாவோடு பூங்காவுக்குப் போகும் நேரத்துக்கு மாறிவிட்டது. மாற்றச் சொன்னதே அத்தைதான்.

நேற்று அவர் ஊருக்குப் போயிருக்கிறார். இரவு கொடியில் கிடந்த அவருடைய பழைய நூல் புடவையை இழுத்து, முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே என் மகன் தூங்கிப்போனான். அத்தை வரும்வரை அதைத் துவைக்கப் போடமாட்டேன்.