பத்துப் பேர் பாடினால் அது பாடகர் குழுவா?

புளியந்தீவான்:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. இங்கிலாந்தின் தாலிஸ் ஸ்கொலர்ஸ்தான் தலைசிறந்த பாடகர் குழுவாம். மட்டக்களப்புக் கிறிஸ்தவக் கோயில்களில் நடப்பது பாட்டல்ல, கத்தலாம். அந்தக் குழுவில் வழமையாக நிற்பது பத்துப் பேர். பத்தே பேர்! நத்தார்ப் பூசைக்கு நாங்கள் 42 பேர் நிற்கிறோம். எது குழு?

கல்லடிக்காரி:
எழுதியவள் நான்தான், அண்ணன். ஒரு குரல் பகுதிக்கு இருவர் என்று அளந்து நிறுத்தி 1973 முதல் பீட்டர் பிலிப்ஸ் நடத்தும் குழு அது. 1987இல் கிராமபோன் என்ற பிரித்தானிய இசைச் சஞ்சிகையின் ஆண்டின் சிறந்த இசைத்தட்டு விருது, ஐந்நூறு வருடத்துக்கு முந்திய இசையமைப்பாளர் ஜோஸ்கினின் பாடல்களை அவர்கள் பாடிய பதிவுக்குக் கிடைத்தது. பழைய இசைக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் தடவை. ஜோஸ்கினின் 18 பூசை இசைகளையும் 2020இல் பதிவுசெய்து முடித்தார்கள்.

புளியந்தீவான்:
விருதையா கேட்டேன்? ஆள் கணக்கைக் கேட்டேன். குழுவின் பெயருக்கே உரிய பழைய ஆங்கிலேய இசையமைப்பாளர் தோமஸ் தாலிஸ் 40 குரல்களுக்கு எழுதிய பாடலை 1985இல் வெளியிட்டார்களே, பத்துப் பேரா பாடினார்கள்? ஆள் சேர்த்துத்தானே பாடினார்கள்! பத்துப் போதாது என்பதற்கு அவர்களே சாட்சி.

வவுணதீவுக் கூத்தன்:
பத்து எதற்கு? கூத்தில் அண்ணாவியார் மத்தளம் தட்ட, பிற்பாட்டுக்கு நான்கு பேர் நின்றால் விடியும்வரை களரி அதிரும்.

புளியந்தீவான்:
கூத்தை இதற்குள் இழுக்காதீர்கள்.

வவுணதீவுக் கூத்தன்:
ஏன், எங்கள் பாட்டு உங்களுக்குப் பாட்டில்லையா?

கல்லடிக்காரி:
தாலிஸின் அந்தப் பாடல் ஐந்து குரல் கொண்ட எட்டுக் குழுக்களுக்கு எழுதியது, ஒவ்வொரு குரலுக்கும் தனி வரி. ஒருவர் பிசகினால் மறைத்துவிடப் பக்கத்தில் ஆளில்லை. உங்கள் 42 பேரில் டெனர் என்ற உயர் ஆண்குரல் வரிசையின் பாதி வாயை மட்டும் அசைக்கிறது. மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒருநாள் பாடுங்கள், தெரியும்.

புளியந்தீவான்:
மின்விசிறிக் கதையை நீங்கள் எடுக்க வேண்டாம், தங்கச்சி. மூன்று வருடத்துக்கு முன் பெரிய வெள்ளி ஒத்திகையில் அதை நிறுத்தியதே நீங்கள்தான். வியர்வை சொட்டி என் பாட்டுக் கொப்பியில் இரண்டாம் சரணம் முழுதும் மையாகக் கரைந்தது. அடுத்த வாரம் நான் பின்வரிசையில். யார் சொல்லி?

கல்லடிக்காரி:
நான் சொல்லித்தான். ஒத்திகை எடுத்தவள் நான். நீங்கள் அரைச் சுரம் இறங்கி நின்றீர்கள்.

புளியந்தீவான்:
நான் இறங்கவில்லை. கீபோர்டை ஏற்றி வைத்திருந்தார்கள்.

அக்கரைப்பற்றான்:
இருவரும் இத்தாலிய இசையமைப்பாளர் அலெக்ரியின் மிசரேரே என்ற தேவாலயப் பாடலைக் கேளுங்கள். ஒக்ஸ்போர்ட் மேர்ட்டன் கல்லூரிச் சிற்றாலயத்தில் 1980இல் இதே குழு பாடியது. மற்றவர்களைவிட்டுத் தூரத்தில் நிற்கும் நால்வரில் ஒரு பெண்குரல் தனியே மேலேறும்போது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

புளியந்தீவான்:
நால்வரா? பத்தும் போய் நாலாகிவிட்டது! நத்தார் இரவு வாருங்கள், 42 பேரும் பாடுகிறோம். பத்துப் பேர் பாடகர் குழு அல்ல.

கல்லடிக்காரி:
வருகிறேன். டெனர் பக்கமாகவே உட்காருவேன். மின்விசிறி ஓடக்கூடாது.