அனுபவப் பகிர்வு: அங்கீகாரம் இல்லாத கட்சி சட்டமன்றத் தேர்தலைச் சமாளிப்பது எப்படி?

மேலமாசி வீதி:
முதல் வேலை சின்னம். பதிவு மட்டும் பெற்ற கட்சிக்குப் பொதுச் சின்னம் (கட்சி நிற்கிற எல்லாத் தொகுதியிலும் ஒரே சின்னம்) தானாக வராது, கேட்டு வாங்க வேண்டும். சபையின் ஆயுள் முடிய ஆறு மாதம் இருக்கும்போது தேர்தல் ஆணையம் விண்ணப்பம் வாங்கத் தொடங்கும், முந்திக்கொண்டவருக்கே சின்னம். 2024 மக்களவைத் தேர்தலில் நாம் தமிழர் கட்சி கரும்பு விவசாயியை இழந்து மைக்குக்கு மாறியது இப்படித்தான். கர்நாடகக் கட்சி ஒன்று 2023 டிசம்பரிலேயே கேட்டுவிட்டது, இவர்கள் போனது பிப்ரவரியில். கூட்டணி பேசிக்கொண்டே இந்தத் தேதியைக் கோட்டை விடுகிற கட்சிகள் நிறைய.

விண்ணப்பத்தில் பத்துச் சின்னங்களை விருப்ப வரிசையில் எழுத வேண்டும். கூவுவதற்கு ஒரே சொல்லாக, சுவரில் நாலு கோட்டில் வரைய வருவதாக இருந்தால் நல்லது. பானை, மைக் போன்றவை பிழைப்பது அதனால்தான். தணிக்கை செய்த கணக்கு பாக்கி இருந்தால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். பொதுச் சின்னம் வேண்டுமென்றால் குறைந்தது 5 சதவீதத் தொகுதிகளில் நிற்க வேண்டும். 234க்குக் கணக்குப் போட்டால் 12. மனு தள்ளுபடிக்கும் இடம் விட்டு 15ல் நிற்பது புத்திசாலித்தனம்.

பொருநைக்கரை:
12 தொகுதிக்குக் கீழே நிற்கிற கட்சிக்குச் சின்னம் கையில் வருவது மனு வாபஸ் முடிந்த பிறகுதான். 2021ல் வாபஸ் மார்ச் 22, பிரசாரம் ஓய்ந்தது ஏப்ரல் 4 மாலை. பதின்மூன்றே நாள். அதனால் நோட்டீஸை இரண்டு தடவையாக அடிப்பார்கள். முகமும் கோரிக்கையும் மட்டும் உள்ளது முன்கூட்டியே தயார். சின்னமும் வரிசை எண்ணும் போட்ட உள்ளங்கை அளவு அட்டை வாபஸ் அன்று இரவு அச்சகத்துக்குப் போகும். பிளேட் போடுகிறவரை அன்று பிடித்து வைக்காவிட்டால் இரண்டு நாள் போச்சு, ஏனென்றால் அதே இரவில் எல்லாச் சுயேச்சைகளும் அங்கேதான் நிற்பார்கள். எதை மறந்தாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் முகவரியை மறக்கக் கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு, ஆறு மாதம் வரை சிறை உண்டு.

வரிசை எண்ணை லேசாக நினைக்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில், பதிவு பெற்றவை அடுத்து, சுயேச்சைகள் கடைசி. ஒரு வாக்கு இயந்திரத்தில் நோட்டாவோடு சேர்த்து 16 பொத்தான்தான். 2021ல் கரூரில் 77 பேர் நின்றார்கள், ஐந்து இயந்திரம். அந்த மாதிரி இடத்தில் சின்னத்தைச் சொன்னால் போதாது, 'ரெண்டாவது மெஷின், மூணாவது பட்டன்' என்றே மைக்கில் சொல்ல வேண்டும்.

முத்துக்குமரன்:
தோழர்களே, மனுத் தாக்கலில் எங்கே அதிகம் அடி விழும்?

மேலமாசி வீதி:
முன்மொழிபவரில். பெரிய கட்சிக்கு ஒருவர் போதும். நமக்குப் பத்துப் பேர், பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்கள். பழைய பட்டியலைப் பார்த்துப் பாகம் எண்ணும் வரிசை எண்ணும் எழுதினால், புதுப் பட்டியலில் எண் நகர்ந்திருக்கும். ஒருவர் செல்லாமல் போனால் ஒன்பதுதான், மனு போச்சு. கைநாட்டு வைப்பவரென்றால் தேர்தல் அதிகாரி முன்னால் வைக்க வேண்டும், வீட்டில் மை தடவிக்கொண்டு போனால் செல்லாது. நாலு செட் வரை கொடுக்கலாம், டெபாசிட் ஒன்றுதான் (10,000 ரூபாய்; எஸ்சி, எஸ்டி 5,000). இரண்டாவது செட்டில் வேறு பத்துப் பேரைப் போடுங்கள்.

பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டம்கூட வெற்றாக இருக்கக் கூடாது, ஒன்றுமில்லையென்றால் 'இல்லை' என்று எழுதுங்கள். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி கொடுக்கிற ஏ, பி படிவங்களில் நிர்வாகியின் கையெழுத்து பேனா மையில் இருக்க வேண்டும், ஜெராக்ஸ் எடுபடாது. கடைசி நாள் மதியம் 3 மணிக்குள் கொடுத்தாக வேண்டும். கூரியரை நம்பாதீர்கள் அண்ணே, ஆள் கையில் கொடுத்து அனுப்புங்கள்.

கணக்குப்பிள்ளை:
தோற்றவனுக்கு எதற்குக் கணக்கு என்று கேட்பவர்களுக்கு: முடிவு அறிவித்து 30 நாளுக்குள் தேர்தல் செலவுக் கணக்கை ஒப்படைக்காவிட்டால் மூன்று வருடம் வரை போட்டியிடத் தகுதி போய்விடும். மனுத் தாக்கலுக்கு ஒரு நாள் முன்பாவது தனி வங்கிக் கணக்கு தொடங்குங்கள். ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. செலவு உச்சவரம்பு 40 லட்சம், நம்மில் யாரும் அதைத் தொடப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில். யாரோ ஆர்வத்தில் இலவசமாகக் கொடுத்த மைக் செட், டாடா ஏஸ் எல்லாவற்றுக்கும் மாவட்ட விலைப்பட்டியல் படி செலவுப் பார்வையாளர் மதிப்புப் போடுவார். பதிவேட்டில் அது இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும். ஆகவே ஓசியில் வந்ததையும் எழுதுங்கள். 50,000க்கு மேல் ரொக்கம் கொண்டுபோகிறவரிடம் வங்கிச் சீட்டு இருக்கட்டும், பறக்கும் படை கட்சி பார்க்காது.

பொருநைக்கரை:
பூத் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொகுதியில் சுமார் 300 பூத். இருக்கிற நூறு நூற்றைம்பது ஆட்களை எல்லா இடத்திலும் தூவுவது வீண். போன தேர்தலில் ஓட்டு விழுந்த பூத்துகளைப் பாகவாரியாக எடுத்து, எண்பதோ தொண்ணூறோ தேர்ந்துகொண்டு, காலை 7 முதல் 10, மாலை 5 முதல் 9 அங்கே மட்டும் வீடு ஏறலாம். உச்சி வெயிலில் கதவு தட்டினால் ஓட்டு வராது, திட்டுதான் வரும். வண்டி அனுமதிக்குத் தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளத்தில் முன்கூட்டியே விண்ணப்பம் போடுங்கள். அனுமதிச் சீட்டின் அசல் முன் கண்ணாடியில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஏஜென்ட் அதே பூத் அல்லது பக்கத்துப் பூத் வாக்காளராக இருப்பது நல்லது. ஏஜென்ட்டை நியமிக்கிற படிவம் 10ல் வேட்பாளரின் கையெழுத்து, அதிகாரியிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். நூறு படிவத்தைக் கடைசி இரவில் ஒரே மூச்சில் போட்டால் எழுபதாவதில் கையெழுத்தே வேறாகிவிடும், காலையில் பையனைத் திருப்பி அனுப்புவார்கள். வாக்குப்பதிவு 7 மணிக்கென்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கே. குறைந்தது 50 ஓட்டுப் போட்டுப் பார்ப்பார்கள். ஏஜென்ட் அதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.

மாலையில் 17சி (பதிவான ஓட்டுக் கணக்குப் படிவம்) நகலை வாங்காமல் கிளம்பக் கூடாது. பூத்துக்குள் போன் கூடாது, அதனால் வெளியே வந்து படம் எடுத்துத் தொகுதிக் குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். கட்டுப்பாட்டுக் கருவியின் எண் படத்தில் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பார்த்துவிடட்டும், எண்ணுகிற அன்று மேஜையில் ஒத்துப்பார்க்க அந்த எண்தான் வேண்டும்.