‘மீளாக்கக் கூடு’, ‘பெயருரிமம்’: இரு சொற்களுக்கான பரிந்துரை

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஃபோர்டின் பழைய மஸ்டாங், ஜெனரல் மோட்டார்ஸின் பழைய கமாரோ ஆகிய கார்களுக்குப் புதிதாகச் செய்து விற்கப்படும் உடலை (body) குறிக்க இவ்வுரையாடல் இழையில் முன்வைக்கப்பட்ட ‘போலி உடல்’, ‘மறுவார்ப்பு’ ஆகிய இரண்டும் பொருந்தவில்லை. உரியவருக்குத் தெரியாமல் செய்ததையே நாம் போலி என்கிறோம். அமெரிக்காவின் டைனாகார்ன் நிறுவனம் தரும் 1967ஆம் ஆண்டு மஸ்டாங் உடலோ ஃபோர்டின் உரிமம் பெற்றது. வார்ப்பு என்பதும் தவறு. எஃகுத் தகடுகளை அச்சில் வைத்து அழுத்தி, வடிவம் பெற்ற துண்டுகளைப் பற்றவைத்தே இதை உருவாக்குகிறார்கள்.

கரூரில் பேருந்துக்குக் ‘கூண்டு கட்டுதல்’ என்ற நல்ல தொழிற்சொல் புழக்கத்தில் இருக்கிறது. ஆயினும் அந்தக் கூண்டு சேசிஸ் எனும் தனியான அடிச்சட்டத்தின் மேல் கட்டப்படுவது. மஸ்டாங்கிலோ தரைத்தகடும் அதன் அடியில் பற்றவைத்த நீள்சட்டங்களும் உடலோடு ஒன்றாகி, சுமை முழுவதையும் அவ்வுடலே தாங்குகிறது. எஞ்சினும் சக்கரமும் கண்ணாடியும் இல்லாமல் வெற்று எஃகாக வந்து இறங்கும் அதற்குக் ‘கூடு’ என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. துருப்பிடித்த பழைய உடலைச் சீர்செய்வது ‘மீட்டமைப்பு’. அதே அளவில் புதிதாகச் செய்தது ‘மீளாக்கக் கூடு’. முழு வண்டியையும் ஒத்த தோற்றத்தில் கட்டியது ‘நகல் வண்டி’. இம்மூன்றையும் கலக்கக் கூடாது.

அடுத்தது, கார் நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தத் தரப்படும் உரிமம். ‘பெயர் உரிமை’ என்று எழுதினால் பெயரே கைமாறிவிட்டதாகப் பொருள்படும். உரிமை ஃபோர்டிடமும் ஜெனரல் மோட்டார்ஸிடமும்தான் இருக்கிறது. கூடு செய்பவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் இசைவு மட்டுமே. ஆகவே ‘பெயருரிமம்’ என்போம். உரிமம் பெற்ற கூடு என்பதால் அது 1967இல் ஃபோர்டு ஆலையில் பிறந்த வண்டியாகிவிடாது. ஆலை தந்த வண்டி அடையாள எண்ணும் அதற்குக் கிடையாது. பழைய வண்டியின் அடையாள எண் தகட்டைக் கழற்றி அதில் பொருத்துவது சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடக்கூடும். இச்சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் இது கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஆண்டுக்கு 325 நகல் வண்டிகள் வரை விற்கச் சிறு தயாரிப்பாளர்களை அனுமதிக்கும் 2015ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம், வணிகக் குறிக்கான (trademark) உரிமத்தையும் வண்டியின் தோற்றத்துக்கான (trade dress) உரிமத்தையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. பின்னதை ‘தோற்றவுரிமம்’ எனலாமா, ‘வடிவுரிமம்’ எனலாமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். வடிவமைப்புப் பதிவோடு (design registration) குழம்பாது என்பதால் நான் முதற்சொல்லையே விரும்புகிறேன்.