பிஸ்டன் கம்பெனியை மூடுகிறார்கள், ஆர்எக்ஸ் 100-க்கு எதை வாங்கி வைப்பது?

தேவிபட்டினம் தம்பி

வணக்கம் அண்ணன்மார்களே. ஏழு வருடமாக என் யமஹா ஆர்எக்ஸ் 100 டூ-ஸ்ட்ரோக் பைக்குக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன் (அடித்து உருவாக்கியது), ரீட் பிளாக் (பெட்ரோல் கலவை உள்ளே போகிற வால்வு), எக்ஸ்பான்ஷன் சேம்பர் (கூம்பு வடிவப் புகைக்குழாய்) எல்லாம் நான் வாங்குகிற கம்பெனி இந்த மாதத்தோடு உற்பத்தியை நிறுத்துகிறது. கடைக்காரரே போன் போட்டுச் சொன்னார். இருப்பில் கிடக்கிறது தீர்ந்தால் அவ்வளவுதான், இனி வராது.

வண்டி அப்பா 1994-இல் வாங்கியது. விடிவதற்கு முன்னால் கரையில் மீனை எடுத்துப் பின்னால் பெட்டி கட்டி ராமநாதபுரம் மார்க்கெட்டுக்கு அவர் ஓட்டிப் போன வண்டி, அவர் போன பிறகு எத்தனை பேர் விலை கேட்டும் கொடுக்க மனம் வரவில்லை. சிலிண்டரைக் கடைந்து, இப்போது 0.50 ஓவர்சைஸில், அதாவது முதல் அளவைவிட அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டனில் ஓடுகிறது. கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. பிஸ்டன் மட்டும் நாலு செட் வாங்கவா, இல்லை சேம்பரும் ஒன்று சேர்த்து வாங்கவா? இரண்டு நாளில் சொல்ல வேண்டும்.

வாலிநோக்கம் உப்பளம்

தம்பி, வாங்குவதற்கு முன்னால் அதை எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கடையைக் காலி செய்தபோது ஆசையாக மூன்று செட் அள்ளிக்கொண்டு வந்து வீட்டுப் பரணில் வைத்தேன், வீடு உப்பளத்திலிருந்து கூப்பிடு தூரம், இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்து பார்த்தால் ரிங் எல்லாம் துரு, பிஸ்டன் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை, அப்படியே போய்விட்டது. அன்றைக்கு ரொம்ப நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அட்டைப் பெட்டியோடு வைக்காதீர்கள், அட்டை ஈரத்தை உறிஞ்சும். ரிங்கையும், பிஸ்டனைக் கோக்கிற பின்னையும் கழற்றி 2டி ஆயிலில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) நனைத்து, பாலிதீனில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். வாடைக்காற்று தொடங்கும் முன் வருடம் ஒரு தடவை திறந்து பாருங்கள்.

சேம்பர் வேண்டாம் என்பது என் எண்ணம். அது இரும்புத் தகடு, நம் கரையில் முதலில் போவது அதுதான். அதன் வேலை முழுக்க உருவத்தில்தான் இருக்கிறது. 1950-களில் கிழக்கு ஜெர்மனியில் எம்ஸெட் கம்பெனியின் ரேஸ் பைக்குகளுக்காக வால்டர் காடன் என்ற எஞ்சினியர் இந்த அளவுகளைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தார். வெளியே போகும் அழுத்த அலை பின்பக்கக் கூம்பில் மோதித் திரும்பி வந்து, எக்ஸாஸ்ட் வழியாக நழுவுகிற புது பெட்ரோல் கலவையைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு கூம்பின் நீளம், இரண்டு முனை விட்டம், கடைசிக் குழாயின் உள்விட்டம் எல்லாம் எழுதி வைத்தால் நல்ல வெல்டர் ஒருவர் தகட்டை வெட்டிச் செய்துவிடுவார்.

ராம்நாடு லேத்

மேலே சொன்னது சரி. நான் பிஸ்டனைப் பற்றிச் சொல்கிறேன், முப்பது வருடமாக போர் போடுகிறேன், அதாவது தேய்ந்த சிலிண்டர் துளையைக் கடைந்து கொடுக்கிறேன்.

நாலு செட் 0.50 வாங்கிவிடாதீர்கள் தம்பி, போர் பெரிதாகுமே தவிரச் சின்னதாகாது. இப்போது இருப்பதற்கு மாற்றாக ஒரு 0.50, அப்புறம் 0.75 ஒன்று, 1.00 ஒன்று. நாலாவது ஸ்டாண்டர்ட், அதாவது கம்பெனியில் வந்த முதல் அளவான 50 மில்லிமீட்டர். ஏன் என்றால் 1.00-ம் தேய்ந்த பிறகு ஸ்லீவ் (சிலிண்டரின் உள்குழாய்) மாற்றி முதல் அளவுக்கே திரும்பி வர வேண்டியிருக்கும், அன்றைக்கு 50 கிடைக்காமல் அலைபவர்களை நிறைய பார்த்திருக்கிறேன்.

பாக்கெட்டுக்குள் ஒரு தாள் இருக்கும், அதைத் தொலைக்காதீர்கள். பிஸ்டனுக்கும் போருக்கும் எவ்வளவு இடைவெளி என்று அதில்தான் இருக்கும். ஃபோர்ஜ்டில் 4032 என்ற அலுமினியக் கலவையில் சுமார் 12 சதவீதம் சிலிக்கான் உண்டு, 2618-இல் கிட்டத்தட்ட இல்லை, அதனால் சூட்டில் அதிகம் விரியும். சாதாரண காஸ்டிங் பிஸ்டனுக்கு விடுகிற இடைவெளியை இதற்கும் விட்டால் பக்கத்துப் பட்டணம்காத்தான் தாண்டுவதற்குள் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று. கம்பெனி மூடிய ஆறு மாதத்தில் அதே பெட்டி, அதே ஸ்டிக்கரில் டூப்ளிகேட் வந்துவிடும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அளந்தால்தான் தெரியும். பிஸ்டன் பின்னின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை உயரம், ஸ்கர்ட் (பிஸ்டனின் கீழ்ப்பகுதி) நீளம், ரிங் கனம், ரிங் முனையை நிறுத்துகிற சின்ன ஊசி எந்த இடத்தில் இருக்கிறது. அந்த ஊசி போர்ட் (சிலிண்டர் சுவரில் உள்ள துவாரம்) வாசலுக்கு நேரே வந்தால் ரிங் முனை மாட்டி உடையும். அசல் கையில் இருக்கும்போதே மைக்ரோமீட்டரில் அளந்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். கருவி இல்லையென்றால் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள், இதற்கெல்லாம் காசு வேண்டாம்.

கீழக்கரை காக்கா

துபாயிலிருந்து எழுதுகிறேன். மூடியதெல்லாம் அப்படியே முடிந்துவிடுவதில்லை தம்பி. அமெரிக்காவில் ஹார்வி கிரேன் 1953-இல் தொடங்கிய கிரேன் கேம்ஸ், எஞ்சின் வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்டுக்கு அவ்வளவு பெயர் எடுத்த இடம், 2009-இல் கதவைச் சாத்தியது. பிறகு வேறு ஆட்கள் பெயரை வாங்கித் திறந்தார்கள். ஆனால் பெயர் திரும்புவது வேறு, அதே கையும் அதே மெஷினும் திரும்புவது வேறு. காத்திருக்காமல் வாங்கிவிடு.

நம் ஊரில் காரணமும் தெரிந்ததுதான். ஆர்எக்ஸ் 100 வருவது 1996-இல் நின்றது, ஓடுகிற வண்டி வருடத்துக்கு வருடம் குறைகிறது, 2020-இலிருந்து பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி, புது வண்டியில் கார்பரேட்டரே இல்லை. யாருக்கு விற்பார்கள், பாவம். அங்கே வேலை பார்த்தவர்களை நினைத்தால்தான் மனசு கஷ்டமாக இருக்கிறது.

தேவிபட்டினம் தம்பி

எல்லோருக்கும் நன்றி. சேம்பரை விட்டுவிட்டேன். 0.50, 0.75, 1.00 மூன்றும் சொல்லியாயிற்று. ஸ்டாண்டர்ட் அங்கே தீர்ந்துவிட்டது, மதுரையில் ஒரு கடையில் ஒன்றே ஒன்று இருக்கிறதாம், நாளைக்குக் காலை பஸ்ஸில் போகிறேன். லேத் அண்ணே, ஞாயிற்றுக்கிழமை பட்டறை திறந்திருக்குமா? பிஸ்டனோடு அப்பாவுடைய பழைய கணக்கு நோட்டையும் கொண்டு வருகிறேன், கடைசியில் நிறைய தாள் எழுதாமல் இருக்கிறது, அளவையெல்லாம் அதிலேயே எழுதிக்கொள்ளலாம்.

ராம்நாடு லேத்

பத்து மணிக்கு மேல் வாருங்கள். வண்டியிலேயே வாருங்கள், சத்தத்தையும் கேட்டுவிடுகிறேன்.